கப்பும் தட்டும்: ஒட்டலாமா, ஓட்டை போடலாமா, சும்மா அடுக்கலாமா?

ஜோடி போன சாசர், காது உடைந்த கப், ஆறில் மூன்று மட்டும் மிஞ்சிய பூப்போட்ட தட்டு. குன்னூர், கோத்தகிரி, ஊட்டி பக்கம் கொஞ்சம் பழைய வீடாக இருந்தால் அலமாரியின் உச்சியில் இவை கட்டாயம் கிடக்கும். தூக்கிப் போடவும் மனம் வராது, நாலு பேர் முன்னால் எடுத்து வைக்கவும் முடியாது. நடுவில் கப்பைத் தூணாக நிறுத்தி, தட்டுகளைப் பெரியதிலிருந்து சிறியதாக ஏற்றினால் கேக், பிஸ்கட், சாக்லேட் வைக்க அழகான மூன்றடுக்கு ஸ்டாண்ட் ஆகிவிடும் என்பது இப்போது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. வீடியோக்களில் காட்டுகிற வழியும் பெரும்பாலும் ஒன்றுதான்: பசை தடவு, ஒட்டு, மறுநாள் பரிமாறு. கோயம்புத்தூர் வெயிலில் அது நடக்கும். இங்கே ஜூலை மாதப் பனிமூட்டத்தில் ஒட்டிய பசை மறுநாள் விரலால் அழுத்தினால் இன்னும் நசுங்கும், டிசம்பர் ஜனவரி உறைபனிக் காலத்தில் கேட்கவே வேண்டாம். அதனால் எதை வைத்து இணைப்பது, முதலில் இணைக்கத்தான் வேண்டுமா என்று கொஞ்சம் யோசித்துவிட்டு இறங்குவது நல்லது.

சுற்றி வளைக்காமல் என் கட்சி எது என்று சொல்லிவிடுகிறேன். கப்பை மேலே வரும் தட்டின் அடியில் மட்டும் ஒட்டுங்கள், கீழே இருக்கும் தட்டோடு ஒட்டாதீர்கள். பாதி ஒட்டு. அப்படிச் செய்தால் ஒவ்வொரு தட்டும் சொந்தக் காலில் தனியாக நிற்கும், வேண்டும்போது ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிக்கொள்ளலாம், விருந்து முடிந்ததும் பிரித்துக் கழுவிக் கவிழ்த்துவிடலாம். இதற்குப் போட்டியாக மூன்று வழிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரேயடியாக ஒட்டிவிடுவது, நடுவில் ஓட்டை போட்டுக் கம்பி மாட்டுவது, எதையுமே ஒட்டாமல் வெறுமனே அடுக்குவது. மூன்றையும் முழுக்கத் தள்ளிவிட முடியாது, சில வீடுகளுக்கு அவைதான் சரி.

வழிகளுக்குப் போவதற்கு முன்னால் ஸ்டாண்டில் என்ன வைக்கப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள், ஏனென்றால் தூணின் உயரம் அதைப் பொறுத்துத்தான். மூன்றடுக்கில் பரிமாறுவது இங்கிலாந்தின் மாலைத் தேநீரோடு சேர்ந்து வந்த பழக்கம். அந்த மாலைத் தேநீரையே பெட்ஃபோர்ட் சீமாட்டி அன்னா மரியா 1840 வாக்கில், இரவுச் சாப்பாடு வரை பசி தாங்காமல் டீயும் கொறிக்க ஏதாவதும் கேட்டுத் தொடங்கி வைத்தார் என்பார்கள். கீழ்த்தட்டில் சாண்ட்விச், நடுவில் ஸ்கோன் என்கிற சின்ன ரொட்டி, உச்சியில் இனிப்பு, கீழிருந்து மேலே சாப்பிட்டுக்கொண்டு போக வேண்டும் என்பது அவர்கள் முறை. நம் வீட்டுக் கணக்கில் கீழே பஃப்ஸ் அல்லது மசால் வடை, நடுவில் வர்க்கி, மேலே ஹோம்மேட் சாக்லேட். ஊட்டி வர்க்கிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தாகிவிட்டது, நடுத்தட்டு மரியாதைக்கு அதைவிட என்ன தகுதி வேண்டும். பலகாரம் எதுவானாலும் கனமானது கீழே, லேசானது மேலே என்பதை மட்டும் மாற்றாதீர்கள்.

உயரக் கணக்கு இப்படி. சாதாரண டீ கப் இரண்டரையிலிருந்து மூன்று அங்குலம் உயரம். மேல்தட்டு கீழ்த்தட்டின் பெரும்பகுதியை மூடிக்கொண்டிருக்கும், ஆகவே பலகாரத்துக்கு மேலே விரல் நுழைய ஒன்றரை அங்குலமாவது காலியிடம் வேண்டும், இல்லாவிட்டால் எடுக்கிறவர் கை மேல்தட்டின் அடியில் இடித்து மொத்தமும் ஆடும். அப்படியென்றால் டீ கப் தூணுக்கு பிஸ்கட், சாக்லேட், சாண்ட்விச் துண்டு, முறுக்கு, சின்ன வர்க்கி சரி. க்ரீம் வைத்த கப்கேக் மட்டும் மூன்று அங்குலம் வந்துவிடும், அதற்குக் காபி மக் கூடப் பத்தாது. அங்கே இரண்டு கப்புகளை அடியோடு அடி சேர்த்து ஒட்டி, உடுக்கை மாதிரி நிறுத்தினால் ஐந்து ஐந்தரை அங்குலம் கிடைக்கும், மேலும் கீழும் அகலமான வாய் இருப்பதால் நிற்பதும் நன்றாக நிற்கும். தட்டுகளுக்கு 10 அல்லது 11 அங்குலம், 8 அங்குலம், 6 அங்குலம் என்ற வரிசை கண்ணுக்கும் கைக்கும் ஒத்துவரும். 10-க்கு மேல் 9 வைத்தால் கீழ்த்தட்டில் இருப்பதை எடுக்க முடியாது. ஆறு அங்குலத்துக்கு ஒரு சாசரே போதும், ஆனால் சாசரில் கப் உட்காருவதற்கான குழி இருக்கும், அதில் சாக்லேட் சாய்ந்து நிற்கும், அது உங்களுக்குப் பரவாயில்லை என்றால் சரி.

கப்பை எப்படி நிறுத்துவது? படங்களில் பெரும்பாலும் கப் நேராக, வாய் மேலே பார்த்து நிற்கும், பார்க்கக் கப் என்று தெரிவதற்காக. எனக்கு அது பிடிக்காது. கப்பின் வாய் 3¼ அங்குலம் என்றால் அடி 1¾ அங்குலம்தான் இருக்கும். மேல்தட்டும் கப்பும் சேர்ந்து அரைக் கிலோ என்று வைத்துக்கொள்வோம். நடுவிலிருந்து 3 அங்குலம் தள்ளி ஒரே பக்கமாக எடை ஏறுகிறது, அதாவது நாலு பிள்ளைகள் ஒரு பக்கத்தை மட்டும் காலி செய்துவிட்டார்கள். ஒட்டாத கப், வாய் கீழே இருந்தால் அந்த ஒரு பக்கத்தில் சுமார் 590 கிராம் ஏறினால்தான் தட்டு சாயத் தொடங்கும். வாய் மேலே, அடி கீழே இருந்தால் 200 கிராம் சொச்சத்திலேயே சாயும். கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம், ஒரு பைசா செலவில்லாமல். அதனால் கவிழ்த்து வையுங்கள். கப் காது எல்லாமே ஒரே பக்கம் பார்க்கும்படி திருப்பி வைத்தால் கவிழ்த்து வைத்ததும் ஒரு அழகாகத்தான் இருக்கும்.

கவிழ்ப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. கப்பின் அடியைத் தடவிப் பாருங்கள், ஒரு வளையம் மட்டும் பளபளப்பு இல்லாமல் சொரசொரப்பாக இருக்கும். சூளையில் வைக்கும்போது பலகையோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அந்த இடத்தில் மெருகு பூசுவதில்லை. பசை பிடிக்க அதுதான் நல்ல இடம். தட்டின் அடியிலும் அதே மாதிரி ஒரு வளையம் உண்டு, ஆனால் அது பெரிய வட்டம், கப் அதற்கு உள்ளே மெருகுள்ள இடத்தில்தான் போய் உட்காரும். அந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துப் பளபளப்பை எடுத்துவிட்டு, நெயில் பாலிஷ் ரிமூவரால் துடைத்துக் காயவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும் பீங்கானில் எந்தப் பசையும் நிற்காது, பலகாரத் தட்டில் பிசுக்கு இல்லாமல் இருக்குமா.

பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது தட்டிப் பாருங்கள். விரல் நுனியில் தொங்கவிட்டுச் சுண்டினால் கணீர் என்று கேட்க வேண்டும். டொக் என்று கேட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது, அதைத் தூணாக நிறுத்தாதீர்கள், பேனா போட்டு வையுங்கள். காது உடைந்த கப் தாராளமாக ஆகும், உடைந்த முனையை உப்புத்தாளில் தேய்த்தால் போதும். வாய் ஓரத்தில் சில்லு பெயர்ந்த கப்பைக் கவிழ்த்து வைத்தால் ஆடும், அதை ஒதுக்கிவிடுங்கள். மேசைக் கண்ணாடி மேல் வைத்து அசைத்துப் பார்த்தால் எது ஆடுகிறது என்று உடனே தெரிந்துவிடும்.

இப்போது முழுக்க ஒட்டுவது. இதில் பசைதான் எல்லாம். ஃபெவிக்விக் வேண்டவே வேண்டாம். நொடியில் பிடிக்கும், ஆனால் இறுகினால் கண்ணாடித் துண்டாட்டம் முறியும் குணம் அதற்கு. இடைவெளியை நிரப்பவும் தெரியாது, தண்ணீர் பட்டுப் பட்டுக் கழுவும் சாமானுக்குத் தோதும் இல்லை. ஒரு தட்டை மேசையில் கொஞ்சம் பலமாக வைத்த அதிர்ச்சியில் விட்டுவிடலாம். எம்-சீல் கெட்டியாகப் பிடிக்கும், ஆனால் களிமண் மாதிரி பிசைந்து வைப்பதால் வெளியே பிதுங்கித் தெரியும், குழாய் ரிப்பேர் செய்த தோற்றம் வந்துவிடும். மிச்சம் இரண்டு: அரால்டைட் வகையறா எபாக்ஸி, மீன் தொட்டி ஒட்டுகிற சிலிகான்.

அரால்டைட்டில் இரண்டு டியூப், பிசினும் ஹார்ட்னரும், சம அளவு எடுத்துக் கலக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் பிடிக்கும் வகையும் இருக்கிறது, மெதுவாக இறுகும் வகையும் இருக்கிறது. மெதுவானதை வாங்குங்கள். நேராக இருக்கிறதா, நடுவில் இருக்கிறதா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்துத் திருத்த நேரம் கிடைக்கும், பலமும் அதிகம். ஆனால் எபாக்ஸி இறுகுவது ஒரு வேதிவினை, அதற்குச் சூடு வேண்டும். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பது பொதுவான கணக்கு. கீழே சமவெளியில் 25 டிகிரியில் ஒரு ராத்திரியில் இறுகுவது, நம் ஊரில் 15 டிகிரியில் இரண்டு ராத்திரி எடுக்கும், அதற்கும் கீழே போனால் பிசுபிசுப்பாகவே நின்றுவிடவும் கூடும். குளிர்ந்த பீங்கான் மேல் கண்ணுக்குத் தெரியாமல் ஈரம் படிந்திருக்கும் என்பது இன்னொரு தொல்லை. ஒட்டுவதற்கு முன் தட்டையும் கப்பையும் வெயிலில் வையுங்கள், வெயில் இல்லையா, ஹேர் டிரையரால் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டு வாருங்கள். ஒட்டிய பிறகு ஒரு பெரிய அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து மூடி, உள்ளே ஒரு பழைய 40 வாட் குண்டு பல்பு, பெட்டியில் எங்கும் படாதபடி, நீங்கள் வீட்டில் விழித்திருக்கும்போது மட்டும். கேக் செய்கிற அடுப்புக்குள் வைத்துக் காய விடலாமே என்று சிலருக்குத் தோன்றும். வேண்டாம், அந்த வாடை உணவு வேகிற இடத்தில் எதற்கு.

சிலிகானின் குணம் இதற்கு நேர்மாறு. காற்றில் இருக்கும் ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் அது இறுகும், ஆகவே நம் பனிமூட்டம் அதற்குச் சாதகம், குளிர் மட்டும் கொஞ்சம் தாமதப்படுத்தும். ஓரத்திலிருந்து உள்ளே ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் என்ற கணக்கில் இறுகிக்கொண்டு போகும், அதனால் அப்பித் தள்ளாமல் மெல்லிய வளையமாக வையுங்கள், கப்பின் குழிக்குள் உருண்டையாக அடைத்தால் உள்ளே வாரக்கணக்கில் பச்சையாகவே கிடக்கும். வினிகர் வாடை அடிக்கும் வகையில் அந்த வாடை அடங்கும் வரை இறுகி முடியவில்லை என்று பொருள். எபாக்ஸி அளவுக்குக் கெட்டி இல்லை, லேசாக ரப்பர் மாதிரி கொடுக்கும். அதைக் குறையாகச் சொல்வார்கள், எனக்கு அதுதான் நிறை. மேசையில் தட் என்று வைத்தாலும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும், கண்ணாடிக்கும் மெல்லிய வெள்ளைக் கண்ணாடியான ஓபல் தட்டுக்கும் எபாக்ஸியைவிட நன்றாகப் பிடிக்கும், மனம் மாறினால் பிளேடால் அறுத்து எடுத்துவிடலாம்.

பசையை விடுங்கள், முழுக்க ஒட்டிய ஸ்டாண்டின் சிக்கல் வேறு. மூன்றடுக்கு உயரத்துக்கு ஒன்று உங்கள் சிங்க்கில் எங்கே நுழையும்? நடுத்தட்டின் அடியில் ஒட்டிய வெண்ணெயை எந்த விரலால் தேய்ப்பீர்கள்? கொதிநீர் ஊற்றிக் கழுவலாம் என்றால் சாதாரண எபாக்ஸி 60 டிகிரிச் சூட்டுக்கு மேலே இளக ஆரம்பிக்கும், பாத்திரம் கழுவும் மெஷினைப் பற்றிப் பேச்சே இல்லை. அலமாரியில் ஒரு அடுக்கு முழுக்க அது ஒன்றே அடைத்துக்கொள்ளும். ஒரு இடத்தில் உடைந்தால் மொத்தமும் போச்சு. எல்லாவற்றையும்விடப் பெரியது பயணம். கோத்தகிரியில் ஒரு ஞானஸ்நானம், மசினகுடியில் ஒரு ரிசார்ட்டில் பிறந்தநாள் என்று ஆர்டர் எடுக்கிறவர்கள் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் மூன்றடுக்குப் பீங்கானை மடியில் வைத்துக்கொண்டு உட்கார முடியாது. படுக்க வைத்தால் காது போகும், நிற்க வைத்தால் தலை ஆடும். ஆக, முழு ஒட்டு யாருக்கு? எடுத்த இடத்திலேயே நிரந்தரமாக நிற்கப் போகிற ஸ்டாண்டுக்கு. ஹோம்ஸ்டே வரவேற்பறை மேசையில் சாக்லேட் வைக்க, டிரெஸ்ஸிங் டேபிளில் வளையலும் கிளிப்பும் போட்டு வைக்க. அங்கே அதற்கு இணை இல்லை, நம்பி ஒட்டுங்கள்.

ஓட்டை போட்டுக் கம்பி மாட்டுவது மிக நேர்த்தியான வழி, சரியாக வந்தால். கம்பியும் வாஷரும் உச்சியில் பிடியும் சேர்ந்த செட் ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, கழற்றி மாட்டலாம், பிடியைப் பிடித்து மொத்த ஸ்டாண்டையும் தூக்கலாம். அந்தத் தூக்கும் வசதி வேறு எந்த வழியிலும் கிடையாது, இதை நான் ஒத்துக்கொண்டுதான் ஆக வேண்டும். ஆனால் ஓட்டை போடுவது விளையாட்டு இல்லை. டைமண்ட் பிட் வேண்டும், சுவரில் ஆணிக்கு ஓட்டை போடும் சுத்தியல் மோடில் டிரில்லை ஓட்டினால் முதல் நொடியிலேயே தட்டு நாலு துண்டு. தட்டைக் கவிழ்த்து, அடியில் மரக்கட்டை கொடுத்து, இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, மெதுவான வேகத்தில், தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்க, அழுத்தாமல் போட வேண்டும். தண்ணீர் பிட்டைக் குளிர வைக்க மட்டுமில்லை, பீங்கான் தூசி நுரையீரலுக்கு ஆகாது, அது பறக்காமல் இருக்கவும்தான். வீட்டில் டிரில் இல்லாவிட்டால் குளியலறை டைல்ஸில் குழாய்க்கு ஓட்டை போடுகிற டைல்ஸ்காரரிடம் கொடுங்கள், அவர் கையில் அது பத்து நிமிட வேலை.

ஓபல் தட்டுகளை மட்டும் அவரிடம் நீட்டிவிடாதீர்கள். லா ஓபாலா, கோரெல் மாதிரியான மெல்லிய வெள்ளைத் தட்டுகள் பீங்கானே இல்லை, இறுக்கமேற்றிய கண்ணாடி. கீழே விழுந்தால் சட்டென்று உடையாத பலம் அந்த இறுக்கத்திலிருந்துதான் வருகிறது, அதே இறுக்கத்தை ஓட்டை போட்டு உடைத்தால் மொத்தத் தட்டும் நொறுங்கிச் சிதறும். அப்புறம் இன்னொன்று, ஓட்டை விழுவது உணவு வைக்கிற இடத்தின் நட்டநடுவில். வாஷருக்கு அடியில் துகளும் க்ரீமும் போய் உட்காரும், ஒவ்வொரு தடவையும் கழற்றித்தான் கழுவ வேண்டும். கப்பையும் தூணாக வைத்துக் கம்பியை அதற்குள் விட வேண்டும் என்றால் மூன்று தட்டு, இரண்டு கப், ஆக ஐந்து ஓட்டைகள். ஐந்திலும் ஒன்றுகூட உடையாமல் வர வேண்டும். கப் வேண்டாம், ஒரே மாதிரித் தட்டு மூன்று இருக்கிறது, அதுவும் விலை குறைந்த தட்டு, அடிக்கடி கப்கேக் ஆர்டர் வருகிறது என்றால் கம்பி செட்டை வாங்குங்கள். பாட்டி வீட்டு பூப்போட்ட தட்டில் டிரில் வைக்க எனக்குக் கை வராது, உங்களுக்கு வந்தால் அது உங்கள் தைரியம்.

எதையுமே ஒட்டாமல் அடுக்குவதற்குச் செலவு கிடையாது. தட்டு, கவிழ்த்த கப், தட்டு, கவிழ்த்த கப், தட்டு. கப்பின் அடி வளையம் மேல்தட்டின் அடியிலுள்ள வட்டத்துக்குள் உட்காருவதால் நினைப்பதைவிட நன்றாகவே நிற்கும். பிரச்சினை வழுக்குவது. பளபளப்பு மேல் பளபளப்பு, யாராவது மேசைத் துணியை இழுத்தால் கதை முடிந்தது. சுவரில் போஸ்டர் ஒட்டுகிற புளூ டேக் மாதிரி பிசினைக் கப்பின் அடியிலும் வாயிலும் சின்னச் சின்ன உருண்டையாக வைத்து அழுத்தினால் ஒரு மாலைப் பொழுதுக்கு நிற்கும், பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில். பிள்ளைகள் ஓடியாடும் இடத்தில் இதை நம்பாதீர்கள். அங்கே வேறு வழி இருக்கிறது: எவர்சில்வர். டபராவையும் டம்ளரையும் கவிழ்த்துத் தூணாக்கி எவர்சில்வர் தட்டுகளை ஏற்றினால் விழுந்தாலும் சத்தத்தோடு போகும், உடையாது. பிடித்துப்போய் நிரந்தரமாக வேண்டும் என்றால் ஆர்கான் வெல்டிங் செய்கிற பட்டறையில் கொடுத்துப் பற்றவைத்து வாங்கிவிடலாம், லட்டும் முறுக்கும் அதில் வைத்தால் பீங்கானைவிடப் பொருத்தமாக இருக்கும்.

கடையில் விற்கிற அட்டை ஸ்டாண்டைப் பற்றி ஒரு வரி. மழை மாதங்களில் நம் ஊர்க் காற்றிலேயே அது தளர்ந்து நடுவில் குழிந்துவிடும். பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் கப்பும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு முழுக்கத் தடை, நீலகிரியில் அதற்கு முன்பிருந்தே பிளாஸ்டிக்குக்குக் கெடுபிடி உண்டு. ஒரு தடவை உபயோகித்துத் தூக்கிப் போடும் சாமான் எதுவானாலும் வாங்குவதற்கு முன் மேலே என்ன பூசியிருக்கிறது என்று பாருங்கள்.

இனி என் பாதி ஒட்டு. எட்டு அங்குலத் தட்டைக் கவிழ்த்து வைத்து, அதன் நடுவை அளந்து பென்சிலால் குறித்து, கப்பின் அடி வளையத்தில் எபாக்ஸியோ சிலிகானோ தடவி, கவிழ்ந்த தட்டின் மேல் கப்பை வாய் மேலே பார்க்க வைத்துவிடுங்கள். காய்ந்த பிறகு திருப்பினால் காலுள்ள தட்டு. ஆறு அங்குல சாசருக்கும் அதே. பெரிய தட்டை எதுவும் செய்ய வேண்டாம், அது பழையபடி சாப்பாட்டுத் தட்டாகவே இருக்கட்டும். ஒரு ஸ்டாண்டுக்கு இரண்டே ஒட்டு, இரண்டும் சொரசொரப்பான வளையத்தில், இரண்டும் தட்டுக்கு அடியில் மறைவாக, உணவு எந்த இடத்திலும் பசையைத் தொடாது. நடுவைக் குறிப்பதில் மட்டும் சோம்பல் படாதீர்கள். கண் அளவில் வைத்தால் கால் அங்குலம் தள்ளிப் போகும், இரண்டு அடுக்கு ஏறியதும் அந்தக் கால் அங்குலம் சாய்வாகத் தெரியும். தட்டைக் காகிதத்தில் வைத்து வட்டம் வரைந்து, வெட்டி, நாலாக மடித்தால் நடுப்புள்ளி கிடைத்துவிடும்.

வழுக்குவதைத் தடுக்கக் கப்பின் வாயில் மூன்று இடத்தில், நாற்காலிக் காலுக்கு ஒட்டுகிற ஒளி ஊடுருவும் சிலிகான் பொட்டு ஒட்டிவிடுங்கள். சட்டென்று நகராது, தட்டிலும் கீறல் விழாது. இந்தப் பொட்டு இல்லாமல் பாதி ஒட்டு செய்யாதீர்கள், அப்புறம் அது சும்மா அடுக்கியதற்குச் சமம்தான்.

குறை இல்லாமல் இல்லை. மொத்தத்தையும் ஒரே கையில் தூக்க முடியாது, சமையலறையில் அடுக்கிக் கூடத்துக்குக் கொண்டு போகிற பழக்கம் உள்ளவர்கள் இதோடு சண்டை போட வேண்டியிருக்கும். மேசையிலேயே வைத்து அடுக்க வேண்டும், கீழ்த்தட்டை நிரப்பி, நடுத்தட்டை வைத்து, அதை நிரப்பி, பிறகு உச்சி. பிரிக்கும்போதும் மேலிருந்து கீழே. ஆனால் கிடைப்பது எவ்வளவு என்று பாருங்கள். ஆள் குறைவான நாளில் ஒரு காலுள்ள தட்டை மட்டும் எடுத்து அரைக் கிலோ கேக் வைக்கலாம், நாலு பேருக்கு இரண்டடுக்கு, பெரிய விருந்துக்கு மூன்று. இன்றைக்கு நீலப் பூ, நாளைக்கு ரோஜாப் பூ என்று மாற்றிக்கொள்ளலாம். ஒன்று உடைந்தால் ஒன்றுதான் போகும், அலமாரியில் வேறு ஜோடி போன தட்டு இருக்கவே இருக்கிறது. காரில் போகும்போது ஒவ்வொன்றையும் துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிடலாம். வர்க்கி மாதிரி காற்றுப் பட்டால் நமுத்துப் போகிற பலகாரத்தைக் கடைசி நிமிடம் வரை டின்னிலேயே வைத்திருந்து, நடுத்தட்டை மட்டும் உள்ளே எடுத்துப் போய் மறுபடி நிரப்பிக் கொண்டுவரலாம். முழுக்க ஒட்டிய ஸ்டாண்டில் இதற்கு மொத்த மேசையையும் கலைக்க வேண்டும்.

பழைய கப்புகளில் ஒரு எச்சரிக்கை. கையால் வரைந்த பூவும் தங்க வரியும் உள்ள பழைய பீங்கானில் வண்ணத்திலும் மெருகிலும் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. தூணாக நிற்கும் கப்பைப் பற்றிக் கவலை இல்லை, அதில் யாரும் குடிக்கப் போவதில்லை. தட்டில்தான் கவனம்: பிஸ்கட், வர்க்கி, காகிதத்தில் சுற்றிய சாக்லேட் மாதிரி உலர்ந்தது பரவாயில்லை, ஸ்ட்ராபெர்ரி, ஜாம் டார்ட், எலுமிச்சை க்ரீம் என்று புளிப்பும் ஈரமும் உள்ளது என்றால் நடுவில் ஒரு லேஸ் காகிதமோ வாழை இலைத் துண்டோ போட்டு அதன்மேல் வையுங்கள், அல்லது அதற்குப் புதுத் தட்டைப் பயன்படுத்துங்கள்.

ஒட்டிய பிறகு மனம் மாறினால் பிரிக்கவும் முடியும். சிலிகான் என்றால் தூண்டில் போடுகிற நைலான் நரம்பை இரண்டு கையிலும் பிடித்து, கப்புக்கும் தட்டுக்கும் நடுவே ரம்பம் இழுக்கிற மாதிரி இழுத்தால் அறுந்துவிடும், மிச்சத்தைப் பிளேடால் சுரண்டலாம். எபாக்ஸி என்றால் பெரிய பாத்திரத்தில் பச்சைத் தண்ணீரில் மூழ்க வைத்து, சிறு தீயில் மெதுவாகச் சூடேற்றி, கொதி வரும் முன்னாலேயே அடுப்பை அணைத்துக் கொஞ்ச நேரம் ஊறவிடுங்கள். கையில் துணி சுற்றிக்கொண்டு கப்பைத் திருகினால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். நேராகக் கொதிநீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், ஜில்லென்ற பீங்கான் அந்தச் சூட்டில் விரிசல் விட்டுவிடும், அதுவும் நம் ஊர்க் காலை நேரத்தில்.